இணையக் காணிக்கையும் பொருளாளரின் கையெழுத்தும்

கோலாலம்பூர், சிலாங்கூர் வட்டாரக் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும், தமிழ் அமைப்புகளின் செயலவைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அர்ச்சனைச் சீட்டு, பால்குடப் பதிவு, அன்னதான உபயம், திருப்பணி நிதி, சங்கச் சந்தா என்று எல்லாமே கைப்பேசிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. செயலவைக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டு கேள்விகளே எழுகின்றன: "எவ்வளவு ஆகும்? தைப்பூசத்துக்குள் முடிந்துவிடுமா?" நாங்கள் இந்த நகரில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்கள். பணம் செலுத்தும் பகுதிகளைக் கட்டுவதும், பிறர் எழுதிவைத்த பெரிய நிரல்தொகுப்புகளைப் பிரித்துப் பார்த்து மதிப்பிடுவதும் எங்கள் தொழில். அந்த இரண்டு கேள்விகளுக்கும் முன்னால் கேட்கவேண்டியது வேறொன்று: வங்கிக் கணக்கில் வந்து விழுந்த ஒவ்வொரு ரிங்கிட்டும் யாருடையது, எந்த ரசீதுக்கு உரியது என்பதை, மென்பொருள் எழுதியவரைக் கூப்பிடாமலே பொருளாளரால் காட்ட முடியுமா?

ஆண்டுக் கணக்கறிக்கையில் கையெழுத்திடுபவர் பொருளாளர். பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்பவரும் அவர்தான். மென்பொருள் எழுதிய தம்பி அந்த மண்டபத்திலேயே இருக்க மாட்டார். பிரிட்டனில் அஞ்சல் துறைக்கு ஃபுஜிட்சு நிறுவனம் வழங்கிய 'ஹொரைசன்' கணக்கு மென்பொருளின் கதை இதற்குப் போதுமான எச்சரிக்கை. 1999 முதல் 2015 வரை, அந்தத் திரை "பணம் குறைகிறது" என்று காட்டிய கணக்கை நம்பி 900-க்கும் மேற்பட்ட கிளைப் பொறுப்பாளர்கள் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததையும், கிளைக்காரருக்குத் தெரியாமல் தொலைவிலிருந்தே அவருடைய கணக்கைத் திருத்த முடிந்ததையும் 2019-இல் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்கியது. நம் சங்கங்களின் தொகை சிறியது, ஆனால் "பணம் எங்கே போச்சு?" என்று ஊரார் கேட்கும்போது பொருளாளரின் நிலைமை அதேதான்.

முதலில் கட்டணச் சேவை. மலேசியாவில் பணம் உங்களிடம் இணையம் வழியாக வர மூன்று பாதைகள் முக்கியம்: வங்கியிலிருந்து நேரடியாக வரும் எஃப்.பி.எக்ஸ், கைப்பேசியால் வருடும் டுயிட்நவ் கியூ.ஆர், வங்கி அட்டை. முதல் இரண்டும், வங்கிகளுக்கிடையே பணம் மாற்றித்தரும் பேநெட் நிறுவனத்தின் கட்டமைப்பில் ஓடுபவை. உங்களுக்கும் இந்தப் பாதைகளுக்கும் நடுவில் நிற்பதுதான் கேட்வே எனப்படும் கட்டணச் சேவை. ஐபே88, பில்பிளீஸ், செனாங்பே, தொய்யிப்பே, ஸ்டிரைப் என்று பெயர்கள் பல. எதையும் நாங்கள் பரிந்துரைக்கவில்லை. கட்டணங்கள் மாறுகின்றன, பேரம் பேசவும் இடமுண்டு. எந்தப் பெயராக இருந்தாலும், வணிகர்களுக்காகப் பணம் திரட்டித்தரப் பேங்க் நெகாராவிடம் பதிவு பெற்ற நிறுவனமா என்று நெகாராவின் இணையத்தளப் பட்டியலில் முதலில் பாருங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ஒருவர் "எங்கள் கணக்கில் வாங்கி மாதக் கடைசியில் மாற்றிவிடுகிறோம்" என்றால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

கட்டணத்தை விழுக்காட்டில் மட்டும் பார்க்காதீர்கள். ஒரு சேவை ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 1 ரிங்கிட் நிலைக்கட்டணம் கேட்கிறது, இன்னொன்று 2 விழுக்காடு கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 ரிங்கிட் அர்ச்சனைச் சீட்டு 500 விற்றால் வரவு 2,500. முதல் சேவையில் 500 ரிங்கிட் கட்டணமாகவே போய்விடும். இரண்டாவதில் போவது 50. அதே 1,000 ரிங்கிட் உபயத்துக்கு முதல் சேவை 1 ரிங்கிட் எடுக்கும், இரண்டாவது 20 எடுக்கும். இரண்டும் சமமாவது 50 ரிங்கிட்டில். ஆகவே, போன ஆண்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்து, 50-க்குக் கீழே எத்தனை, மேலே எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். விற்பனையாளர் தரும் வண்ணத்தாளைவிட அந்த எண்ணிக்கை தெளிவாகப் பேசும். நிலைக்கட்டணச் சேவைதான் அமைந்தது என்றால், ஒரு குடும்பம் நான்கு பேருக்கு அர்ச்சனை போடும்போது நான்கையும் ஒரே பரிவர்த்தனையாகச் சேர்த்து வசூலிக்கும்படி பக்கத்தை வடிவமைக்கச் சொல்லுங்கள். 5-க்கு 1 போவது 20-க்கு 1 ஆகிவிடும்.

இதைவிட முக்கியம், யாரும் கேட்காத தீர்வு அறிக்கை; எந்தெந்தக் காணிக்கை சேர்ந்து வங்கிக்கு வந்தது என்று கேட்வே தரும் பட்டியல் அது. கேட்வே ஒவ்வொரு காணிக்கையையும் தனித்தனியே வங்கியில் போடாது; ஒரு நாளுக்கு உரியதைக் கூட்டி ஒரே தொகையாக, பெரும்பாலும் ஓரிரு வேலைநாள் கழித்துப் போடும். வெள்ளி இரவு வந்த காணிக்கை திங்களோ செவ்வாயோதான் வங்கிப் பதிவில் தெரியும். தைப்பூசத்துக்கு இங்கே பொது விடுமுறை என்பதால் அந்த வாரம் இன்னும் தள்ளும். சில சேவைகள் தங்கள் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும். சில முழுத்தொகையைத் தந்துவிட்டு மாதக் கடைசியில் தனியே பில் போடும். கழித்துத் தருவதாக இருந்தால், பக்தருக்கு 50 ரிங்கிட்டுக்கு ரசீது போயிருக்கும், வங்கியில் 49 வந்திருக்கும். அந்த 1 ரிங்கிட்டை "வங்கிக் கட்டணச் செலவு" என்று தனி வரியில் எழுதாமல் வரவையே 49 என்று பதிந்துவிட்டால், ஆண்டு முடிவில் ரசீதுகளின் கூட்டுத்தொகையும் கணக்குப் புத்தகமும் ஒருபோதும் ஒட்டாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு மாதிரித் தீர்வு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வரியிலும் உங்கள் ரசீதின் மேற்கோள் எண் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நீங்கள் தரும் தனி எண்), முழுத்தொகை, கழிவு, எந்த நாள் வங்கி வரவில் சேர்ந்தது ஆகிய நான்கும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சேவை எவ்வளவு மலிவாக இருந்தாலும் பொருளாளருக்கு ஆகாது.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது அடுத்தது. சங்கப் பதிவிலாகாவிலோ உங்களுக்குரிய வேறு பதிவகத்திலோ பதிந்த பெயரும், வங்கிக் கணக்கின் பெயரும், கேட்வே கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "சங்கக் கணக்குக்கு ஆவணம் கேட்கிறார்கள், தற்போதைக்கு என் பெயரில் திறந்துகொள்வோம்" என்று நல்லெண்ணத்தில் யாராவது முன்வருவார்கள். வேண்டாம். கேட்வேயின் நிர்வாக நுழைவுக்கு ஒருவருடைய சொந்த மின்னஞ்சலைக் கொடுக்காமல், சங்கத்துக்கென ஒரு மின்னஞ்சலைத் திறந்து கொடுங்கள். உண்டியலை இரண்டு சாவிக்காரர்கள் கூடித்தானே திறக்கிறோம். வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுவதற்கும் பணத்தைத் திருப்பித் தருவதற்கும் அதே இரண்டு பேர் ஒப்புதல் இருக்கும்படி அமைக்கலாம். பல சேவைகளில் அந்த வசதி இருக்கிறது, யாரும் அதை இயக்குவதில்லை.

அட்டை வேண்டுமா? வெளிநாட்டிலிருந்து திருப்பணிக்குக் கொடுப்பவர்கள் இருந்தால் வேண்டும். உள்ளூர் மட்டும் என்றால் எஃப்.பி.எக்ஸும் கியூ.ஆரும் போதும் என்பது எங்கள் கருத்து. அட்டையில் செலுத்தியவர் பிறகு "இது நான் செய்ததல்ல" என்று தன் வங்கியிடம் மறுத்தால், பொதுவாக 120 நாள் வரைகூடப் பணம் உங்களிடமிருந்து திரும்பப் போகலாம். அதற்கு மேல் ஒரு தண்டக் கட்டணமும் உண்டு. நன்கொடைப் பக்கங்களுக்கென்றே இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. திருடிய அட்டை எண்களை வைத்திருப்பவர்கள் எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சோதிக்க, "விரும்பிய தொகையைச் செலுத்தலாம்" என்று திறந்து கிடக்கும் பக்கங்களைத் தேடி வருவார்கள். ஒரே இரவில் 1 ரிங்கிட் காணிக்கைகள் ஆயிரக்கணக்கில் விழும். மறுவாரம் மறுப்புகள் வரிசையாக வரும். அட்டைக்குக் குறைந்தபட்சம் 10 ரிங்கிட் என்று வைப்பது, ஒரே இணைய இணைப்பிலிருந்து மணிக்கு எத்தனை முயற்சி என்று வரம்பு கட்டுவது, வங்கியின் கூடுதல் உறுதிப்பாட்டைக் கட்டாயமாக்குவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலான தொல்லை நின்றுவிடும்.

அட்டை எண் உங்கள் பக்கத்தைத் தொடவே கூடாது. கேட்வேயின் சொந்தப் பக்கத்துக்கு அனுப்பி அங்கே தட்டச்சு செய்யவிடுங்கள். பி.சி.ஐ டி.எஸ்.எஸ் என்ற அட்டைப் பாதுகாப்பு விதிகளில் அப்படிச் செய்பவர்களுக்குக் கேள்வித்தாள் மிகச் சிறியது. எண்ணைத் தாங்களே வாங்குபவர்களுக்கு அது மலைபோல் நீளும். 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பக்கத்தில் புகுந்தவர்கள் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வெறும் 22 வரி. பயணிகள் தட்டச்சு செய்த அட்டை விவரங்கள் அப்படியே வேறிடத்துக்குப் போயின. 2020-இல் விதிக்கப்பட்ட அபராதம் 2 கோடி பவுண்டு. பக்கம் "அழகாக நம் வண்ணத்திலேயே இருக்க வேண்டும்" என்பதற்காக அட்டைப் படிவத்தை உள்ளே கொண்டுவரச் சொல்லும் செயலவை உறுப்பினருக்கு இதைக் காட்டுங்கள்.

கியூ.ஆர் பற்றிச் சுருக்கமாக. அச்சடித்து ஒட்டும் நிலையான குறியீட்டில் பணம் வரும், யார் எதற்காகக் கொடுத்தார் என்பது சரியாக வராது. அதன்மேல் வேறு குறியீட்டை ஒட்டிவிடும் திருட்டும் உண்டு. தினமும் காலையில் ஒருவர் தம் கைப்பேசியால் வருடி, திரையில் சங்கத்தின் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ரசீது தேவைப்படும் எதற்கும், ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொகையோடும் எண்ணோடும் உருவாகும் குறியீட்டையே பயன்படுத்துங்கள். நிலையானதைச் சாதாரண உண்டியல் காணிக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனி, எங்கள் அனுபவத்தில் பணம் காணாமல் போவதாகத் தோன்றும் இடத்துக்கு வருவோம். உங்கள் பக்கத்தில் பொத்தானை அழுத்தியவர் வங்கிக்குப் போகிறார், ஒப்புதல் தருகிறார், பிறகு உங்கள் பக்கத்துக்குத் திரும்புகிறார். திரும்பி வந்ததை வைத்து "பணம் வந்துவிட்டது" என்று முடிவெடுக்கும் மென்பொருள் தவறானது. பத்துமலையில் தைப்பூசத்தன்று கைப்பேசி இணைப்பு எப்படித் திணறும் என்று உங்களுக்குத் தெரியும். வங்கியில் பணம் கழிந்திருக்கும், திரும்பும் பக்கம் திறந்திருக்காது. பக்தர் "போகலையோ" என்று மறுபடி கட்டுவார். ஒரு பால்குடத்துக்கு இரண்டு முறை பணம், ரசீது ஒன்றுகூட இல்லை. இப்போது வங்கிகள் குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டு வங்கிச் செயலியிலேயே ஒப்புதல் கேட்பதால், ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி வரும் வழியில் வயதானவர்கள் பலர் தொலைந்துபோகிறார்கள்.

இதனால்தான் கேட்வே, பக்தரின் கைப்பேசியை நம்பாமல், தன் சர்வரிலிருந்து உங்கள் சர்வருக்கு நேரடியாக ஒரு தகவல் அனுப்பும். கால்பேக், வெப்ஹூக் என்று சொல்வார்கள். ரசீது இதைக் கண்டுதான் பிறக்க வேண்டும். அந்தத் தகவலும் சில நேரம் வராது, சில நேரம் இரண்டு முறை வரும், சில நேரம் முறை மாறி வரும். ஒரே தகவல் மூன்று முறை வந்தாலும் ஒரே ரசீதுதான் உண்டாக வேண்டும். அதற்கு, மேற்கோள் எண் தரவுத்தளத்தில் இரட்டிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். தகவலே வராதவற்றுக்கு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிலுவையில் நிற்பவற்றை எடுத்துக் கேட்வேயிடம் "இதன் நிலை என்ன?" என்று கேட்கும் ஒரு சிறு வேலை ஓட வேண்டும். நிறுவனங்கள் எஃப்.பி.எக்ஸ் வழியாகத் தரும் நன்கொடையில் ஒருவர் உள்ளிட்டு இன்னொருவர் ஒப்புதல் தருவார். இரண்டுக்கும் நடுவில் நாள்கூட ஆகலாம். அதை "தோல்வி" என்று மென்பொருள் எழுதிவிட்டால் பெரிய உபயக்காரர் ஒருவரைச் சங்கடப்படுத்துவீர்கள்.

வந்த தகவல் உண்மையிலேயே கேட்வேயிடமிருந்து வந்ததா என்பதற்கு ஒரு மறைக்குறியீட்டுக் கையொப்பம் கூடவே வரும். கேட்வே நமக்கு மட்டும் தந்த இரகசியச் சாவியைக் கொண்டு நம் சர்வர் அதைத் திரும்பக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். நம் ஊரில் இது உடைவதற்கு ஒரு காரணம், நம் பெயர்கள். அடையாள அட்டையில் ஏ/எல், ஏ/பி என்று சாய்கோடு இருக்கிறது. இணைய முகவரியில் அது வேறு குறியாக மாற்றப்படும். ஒரு பக்கம் மாற்றி, மறுபக்கம் மாற்றாமல் கணக்கிட்டால் கையொப்பம் பொருந்தாது. தமிழில் பெயர் எழுதினால் இன்னும் ஒரு படி: 'முருகன்' என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு குறிகள், எழுத்துகளைச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் 21 பைட். நீளத்தைப் பைட்டில் அளக்கும் சேவையில் பெயர் பாதியில் வெட்டுப்படும். "சில பேருக்கு மட்டும் ரசீது வருவதில்லை" என்ற புகார் வந்ததும், அவசரத்தில் இருக்கும் நிரலர் கையொப்பச் சரிபார்ப்பையே தற்காலிகமாக அணைத்துவிடுவார். அந்தத் தற்காலிகம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். தீர்வு மிக எளிது: பெயர், நட்சத்திரம், ராசி எதையும் கேட்வேக்கு அனுப்பாதீர்கள். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமே கொண்ட மேற்கோள் எண்ணை அனுப்புங்கள். மற்றவை உங்கள் தரவுத்தளத்தில் இருக்கட்டும். தொகையையும் ஒப்பிடச் சொல்லுங்கள். 500 ரிங்கிட் உபயத்துக்கான எண்ணில் 5 ரிங்கிட் வந்திருந்தால் அது வெற்றியல்ல.

காசுக் கணக்கில் ஒரு சின்ன விஷயம். தசமப்புள்ளி எண்ணாக வைத்திருக்கும் நிரலில் 19.90-ஐ 100-ஆல் பெருக்கினால் 1990 வராது, 1989.9999999999998 வரும். பின்னத்தை வெட்டினால் 1989 சென். ஆகவே தொகை எப்போதும் முழு எண்ணாக, சென்னில் இருக்க வேண்டும். நேரமும் அப்படித்தான். சர்வர் உலகப் பொதுநேரத்தில் ஓடினால் நம் நேரம் 8 மணி முன்னால் நிற்கும். தைப்பூச நாளில் நள்ளிரவு முதல் காலை 8 மணி வரை வந்த காணிக்கை முழுவதும் முந்தைய நாள் கணக்கில் விழும். அந்த இரவில்தான் கூட்டமே.

அடுத்தது, ஏற்கெனவே இருக்கும் மென்பொருளை மதிப்பிடுவது. முந்தைய செயலவை விட்டுச்சென்றதோ, ஒரு நிறுவனம் "ஆறு இலட்சம் வரி நிரல்" என்று விலை சொல்வதோ, எதுவானாலும் வரி எண்ணிக்கையைக் கண்டு மயங்கவோ மிரளவோ வேண்டாம். அதில் பெரும்பகுதி பொதுவில் இலவசமாகக் கிடைக்கும், நூலகங்கள் எனப்படும் ஆயத்த நிரல்கள். அவற்றை ஒதுக்கிவிட்டு எண்ணினால் உண்மையில் எழுதப்பட்டது சில ஆயிரம் வரியாகக்கூட இருக்கும். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒரே மாலையில் பல்லாயிரம் வரி கொட்டிவிடுகின்றன. உழைப்புக்கு அளவுகோலாக இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் வரிக்கணக்குக்கு இல்லை.

நாங்கள் ஒரு நிரல்தொகுப்பைக் கையில் வாங்கினால் முதலில் வாசிப்பதில்லை, ஓட்டிப் பார்க்கிறோம். இதுவரை அதைப் பார்த்திராத ஒருவரிடம் வெற்றுக் கணினியைக் கொடுத்து, கூடவே வந்த குறிப்பை மட்டும் வைத்து எழுப்பச் சொல்ல வேண்டும். அரைநாளில் எழுந்துவிட்டால் நல்லது. இரண்டு நாளாகியும் "அவரைக் கேட்டால்தான் தெரியும்" என்றால், நீங்கள் வாங்குவது நிரலை அல்ல, அந்த ஒருவருடைய நினைவாற்றலை. பிறகு, நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாறு. "இறுதி" என்ற ஒரே பதிவு மட்டும் இருந்தால் வரலாற்றை யாரோ களைந்துவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள், முழுதாகக் கேளுங்கள். முழு வரலாறு இருந்தால் எந்தக் கோப்பு அதிகமுறை திருத்தப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். நோய் பெரும்பாலும் அங்கேதான். அதே வரலாற்றில் கேட்வேயின் இரகசியச் சாவியோ தரவுத்தளக் கடவுச்சொல்லோ எப்போதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்றும் தேட வேண்டும். இன்றைய நிரலில் நீக்கியிருந்தாலும் பழைய பதிவில் அது கிடக்கும். கிடந்தால் அந்தச் சாவி செத்தது, புதிது போடுங்கள்.

நிரலுக்கு முன்னால் தரவுத்தள அட்டவணைகளைப் பார்ப்பது எங்கள் வழக்கம். கட்டியவர் பணத்தை எப்படி நினைத்திருக்கிறார் என்பது அங்கே ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பதிவு அட்டவணையில் "செலுத்தியாயிற்று" என்ற ஒரே ஒரு கட்டம் மட்டும் இருந்தால் பயப்படுங்கள். எந்த முயற்சி, எப்போது, எவ்வளவு, கேட்வே என்ன பதில் சொன்னது என்று ஒவ்வொன்றும் தனி வரியாக, அழிக்க முடியாமல், சேர்ந்துகொண்டே போகும் அட்டவணை ஒன்று தனியாக இருக்க வேண்டும். நிர்வாகி ஒரு ரசீதை ரத்துச் செய்தால் அந்த வரி மறையக்கூடாது. ரத்துச் செய்தவர் பெயரோடு இன்னொரு வரி சேர வேண்டும். ஹொரைசன் வழக்கில் கிளைக்காரர்களிடம் இல்லாமல் போனது இந்தத் தடயம்தான்.

அதன்பிறகு ஒரே ஒரு காணிக்கையைப் பின்தொடர வேண்டும். பொத்தானிலிருந்து தொடங்கி, கேட்வேக்குப் போய், தகவல் திரும்பி, ரசீதாகி, அறிக்கையில் ஏறும்வரை எந்தெந்தக் கோப்பு வழியாகப் போகிறது என்று காகிதத்தில் எழுதுங்கள். ஒரு பதிவைச் "செலுத்தப்பட்டது" என்று மாற்றும் வரி நிரலில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். ஒரே இடம் என்றால் கட்டியவர் தொழில் தெரிந்தவர். திரும்பும் பக்கத்தில் ஒன்று, கால்பேக்கில் ஒன்று, நிர்வாகத் திரையில் ஒன்று, எக்செல் ஏற்றும் இடத்தில் ஒன்று என்று சிதறிக் கிடந்தால், ஒவ்வொன்றும் வெவ்வேறு விதியில் பணத்தை ஒப்புக்கொள்கிறது என்று பொருள். செயலவையில் நிரல் தெரியாதவரும் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு: பதிவைத் தொடங்கி, வங்கிப் பக்கத்தில் ரத்து என்று அழுத்துங்கள். திரும்பும்போது மேலே முகவரிப் பட்டையில் நிலையைக் குறிக்கும் எண்ணோ சொல்லோ இருந்தால், அதை வெற்றிக்கு உரியதாக மாற்றி மறுபடி திறந்து பாருங்கள். ரசீது வந்துவிட்டால், மதிப்பீட்டை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். உண்மைப் பணமில்லாமல் சோதிக்கக் கேட்வே தரும் சோதனைக்கூடச் சாவி உண்மைத் தளத்தில் மறந்து விடப்பட்டிருக்கிறதா என்பதையும் அதே நாளில் பாருங்கள். இருந்தால் பொய் வங்கியில் பொய்ப்பணம் கட்டி உண்மைச் சீட்டு வாங்கலாம்.

பழைய கேட்வேயை விட்டுப் புதியதுக்கு மாறிய தளங்களில் பழையதன் கால்பேக் வாசல் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். "யாரும் பயன்படுத்துவதில்லை, இருக்கட்டும்" என்பார்கள். அமெரிக்கப் பங்குச்சந்தையில் நைட் கேப்பிட்டல் நிறுவனத்தில் 2012 ஆகஸ்டு 1 அன்று நடந்தது இதுதான். பல ஆண்டுகளாகப் பயன்படாத ஒரு பழைய பகுதி, அதற்குரிய அடையாளக்குறியைப் புதிய நிரல் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டதால், புதுப்பிக்கப்படாமல் விடுபட்ட எட்டாவது சர்வரில் உயிர்பெற்றது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போயிற்று. செத்த நிரலை நீக்கச் சொல்லுங்கள். வரலாற்றில் அது பத்திரமாக இருக்கும்.

நிரல்மொழி, தரவுத்தளம் இரண்டின் பதிப்புகளைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பி.எச்.பி நிரல்மொழியின் 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரிலும், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் 5.7 பதிப்புக்கானது 2023 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. இவற்றில் ஓடும் தளத்துக்கு மேம்பாட்டுச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். பக்க அழகு, எந்தச் சட்டகத்தில் எழுதியது, குறிப்புரை நிறைய இருக்கிறதா என்பதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

மதிப்பிட்டுப் பார்த்த புது நிரலர்கள் பெரும்பாலும் சொல்வது, "இது சரிப்படாது, முழுக்க புதிதாக எழுதுவோம்." இளம் தம்பி தங்கைகளுக்கு அதில் ஆசை இருப்பது இயல்பு, ஆனால் உடன்படாதீர்கள். பழைய நிரலில் அசிங்கமாகத் தெரியும் பல வரிகள் ஏதோ ஒரு தைப்பூசத்தில் யாரோ பட்ட பாட்டுக்கு மருந்தாகப் போடப்பட்டவை. பணப்பாதையை மட்டும் பிரித்து எடுத்துப் புதிதாக எழுதுங்கள். மற்றவை பழையபடி ஓடட்டும். புதிய பாதையில் முதலில் ஒரே ஒரு வகை, அன்னதானம் மட்டும் என்று விட்டு, ஒரு மாதத் தீர்வு அறிக்கை சென் பிசகாமல் பொருந்திய பிறகு அடுத்த வகையை மாற்றுங்கள். தைப்பூசத்துக்கு நான்கு வாரம் இருக்கும்போது நிரலைப் பூட்டிவிட வேண்டும். அதன்பிறகு தலைவரே சொன்னாலும் புதுப்பொத்தான் கிடையாது.

பக்தர்களின் தரவு பற்றி ஒரு பத்தி. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2024 திருத்தப்படி, தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளை மையமாகக் கொண்டது; உங்கள் அமைப்புக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் அர்ச்சனைக்கு அடையாள அட்டை எண் எதற்கு? வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அனுமதி பெற்று வரிவிலக்கு ரசீது தரும் அமைப்பாக இருந்தால், அந்த ரசீதைக் கேட்பவரிடம் மட்டும் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்கட்டும்: நிரலும் அதன் வரலாறும் சங்கத்தின் பெயரிலுள்ள களஞ்சியத்தில், இணையப் பெயர், சர்வர், கேட்வே மூன்றின் பதிவும் சங்க மின்னஞ்சலில், செயலவை மாறும் ஒவ்வொரு முறையும் சாவிகள் புதிதாக்கப்படும், மாதம் ஒருமுறை தரவுத்தள நகல் பொருளாளர் கைக்கு வரும், அந்த நகலைக் கொண்டு தளத்தை எழுப்பிக் காட்டும் ஒத்திகை ஆண்டுக்கு ஒருமுறை. கடைசித் தவணைப் பணத்தை இந்த ஒத்திகை முடிந்த பிறகு கொடுங்கள்.

அடுத்த செயலவைக் கூட்டத்துக்கு முன் உங்கள் கணக்காய்வாளரை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். போன மாத வங்கி அறிக்கையில் கேட்வேயிடமிருந்து வந்த ஏதாவது ஒரு தொகையை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அது எந்தெந்த ரசீதுகளின் கூட்டு, எவ்வளவு கழிவு என்று பொருளாளர் நிரலரைத் தொலைபேசியில் கூப்பிடாமல் அரை மணி நேரத்தில் பிரித்துக் காட்டட்டும். பொருந்தாமல் நிற்கும் மேற்கோள் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நிரலரிடம் பேசவேண்டியது அந்த எண்களைப் பற்றித்தான்.

இப்படிக்கு,
கோலாலம்பூரில் மென்பொருள் தொழில் செய்யும் தமிழர்கள் சிலர்